பெரியம்மையை ஒழித்த உலகம்: அன்றும் இன்றும்

1958 ஜூன் மாதம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை கூடியிருந்தது. சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஸ்புட்னிக் வானில் ஏறி எட்டு மாதம்தான் கழிந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் சோவியத் துணை சுகாதார அமைச்சர் விக்தர் ஷ்தானவ் அமெரிக்க மண்ணில் எழுந்து நின்று, பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க எல்லா நாடுகளும் சேர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் தன் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்கரின் கடிதம். அம்மைத் தடுப்பு முறையை நிறுவிய எட்வர்டு ஜென்னருக்கு, குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1806-இல் எழுதியது அது. இப்படியொரு நோய் இருந்தது என்பதை வருங்கால மக்கள் வரலாற்றைப் படித்துத்தான் அறிவார்கள் என்று ஜெஃபர்சன் அதில் நம்பிக்கை தெரிவித்திருந்தார். அடுத்த ஆண்டு பேரவை ஒழிப்புத் திட்டத்தை ஏற்றது. சோவியத் யூனியன் இரண்டரைக் கோடி டோஸ் தடுப்பு மருந்தை இலவசமாகத் தர முன்வந்தது.

2025 ஜனவரி 20 அன்று டொனால்டு டிரம்ப் இரண்டாம் முறையாகப் பதவியேற்றார். அன்றே அவர் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து அமெரிக்கா விலகுகிறது என்றது. ஓராண்டு முன்னறிவிப்புக் காலம் முடிந்து, 2026 ஜனவரி 22 அன்று அந்த விலகல் நடப்புக்கு வந்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். சர்வதேச ஒழுங்கு குலைகிறது என்று நாளிதழ்கள் எழுதும்போது படிப்பவருக்கு அது எங்கோ கூட்ட அரங்குகளில் நடக்கும் விஷயமாகவே தோன்றும். நோயை முன்வைத்துப் பார்த்தால் அது கைக்கு எட்டும் பொருளாகிவிடுகிறது. பெரியம்மை ஒழிந்த கதையில் நாடுகள் எவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று இறங்கிவந்தன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இன்று எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதற்கும் கணக்கு இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் தொடக்கத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தை எழுத சான்பிரான்சிஸ்கோவில் நாடுகள் கூடியபோது, பொருளாதார, சமூக ஒத்துழைப்பு பற்றிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் நீதிக்கட்சிக்காரரான ஆற்காடு ராமசாமி முதலியார். அப்போது இந்தியாவுக்கு விடுதலை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் அனுப்பிய தூதுக்குழுவின் தலைவராகவே அவர் போயிருந்தார். உலகம் முழுவதற்கும் ஒரு சுகாதார அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை அங்கே எழுப்பியவை பிரேசிலும் சீனாவும். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு ராமசாமி முதலியாரே முதல் தலைவரானார். அந்த மன்றம் அழைத்த மாநாடுதான் 1946-இல் நியூயார்க்கில் கூடி உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புவிதிகளை எழுதியது. 1948 ஏப்ரல் 7 அன்று அவை நடைமுறைக்கு வந்தன. ராமசாமியின் இரட்டைச் சகோதரர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த மகப்பேறு மருத்துவர் லட்சுமணசாமி முதலியார், அந்த நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே செயற்குழுத் தலைவராக இருந்தார். 1961-இல் புதுதில்லியில் கூடிய பேரவைக்கும் அவரே தலைவர்.

1946 மாநாடு ஜூன் 19-இல் தொடங்கி ஜூலை 22-இல் முடிந்தது. ஐந்தே வாரம். அதற்குள் ஓர் உலக அமைப்புக்கான விதிகள் முழுவதும் எழுதப்பட்டு 61 நாடுகள் கையெழுத்திட்டுவிட்டன. கோவிட் தந்த அடிக்குப் பிறகு, இனியொரு கொள்ளைநோய் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று ஓர் ஒப்பந்தம் எழுத நாடுகள் 2021 டிசம்பரில் முடிவுசெய்தன. அது நிறைவேறியது 2025 மே 20-இல். மூன்றரை ஆண்டு. முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன. ஒரு நாடும் எதிர்க்கவில்லை. 11 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அமெரிக்கா அந்த அறையிலேயே இல்லை.

ஐந்து வாரத்தையும் மூன்றரை ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அன்றைய தலைவர்கள் திறமைசாலிகள், இன்றையவர்கள் வீணர்கள் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. 1945-இல் ஐ.நா.வில் சேர்ந்த ஆப்பிரிக்க நாடுகள் நான்கு: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. இன்று 54. அன்று கண்டத்தின் பெரும்பகுதிக்காக லண்டனும் பாரிசும் பேசின. பேசி முடிப்பது எளிதாக இருந்தது. இன்று ஒவ்வொரு நாடும் தனக்காகத் தானே பேசுகிறது. ஒவ்வொரு பிரிவும் தனக்கு என்ன தரும், தன்னிடமிருந்து எதை எடுக்கும் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தாமதத்தில் ஒரு பகுதி சமத்துவத்துக்குக் கொடுக்கும் விலை. அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

பெரியம்மைக்குத் திரும்புவோம். 1967-இல் தீவிர ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நாடுகள் ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்த நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.3 லட்சம். உண்மையில் அந்த ஆண்டு நோய் கண்டவர்கள் ஒரு கோடியிலிருந்து ஒன்றரைக் கோடி பேர் இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். நூறில் ஒருவரே கணக்கில் வந்திருந்தார். நம் ஊர்களில் வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஊருக்குத் தெரியும், தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது. இந்தத் திட்டத்துக்கென்று பேரவை ஒதுக்கிய தொகை ஆண்டுக்கு 24 லட்சம் டாலர். அதையும் அதிகம் என்று பணக்கார நாடுகள் முணுமுணுத்தன. ஒதுக்கீடு மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில்தான் தப்பியது.

திட்டத்தின் தலைவராக அமைந்தவர் அமெரிக்கரான டி.ஏ. ஹெண்டர்சன். மருந்தின் பெரும்பங்கு சோவியத் யூனியனிலிருந்து வந்தது. 1958 முதல் 1979 வரை அந்த நாடு கொடுத்தது 140 கோடி டோஸ் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் இருபது நாடுகளில் பணி நடந்தது அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு பணத்தில். இரண்டு முனை கொண்ட ஓர் எளிய ஊசியை வைத் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியிருந்தது. அதைக் கொண்டு குத்தினால் பழைய முறைக்கு ஆன மருந்தில் நாலில் ஒரு பங்கு போதும். காப்புரிமைத் தொகை கேட்காமல் அந்த ஊசியைப் பயன்படுத்திக்கொள்ள நிறுவனம் அனுமதித்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நெடுங்காலமாகத் தயாரான அம்மைப்பால் வெயிலில் விரைவிலேயே வீரியம் இழக்கக்கூடியது. அதன் இடத்துக்கு வந்த உலர் மருந்து 37 டிகிரி வெப்பத்திலும் ஒரு மாதம் தாங்கியது. கிண்டியும் பின்னர் அதைத் தயாரித்தது.

இந்தியாவில் 1974 மிகக் கொடிய ஆண்டு. பதிவான நோயாளிகள் 1.88 லட்சம், இறந்தவர்கள் 31,000. பெரும்பகுதி பிகாரில். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் காட்டி, "இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?" என்று சந்தையிலும் பள்ளியிலும் கேட்டார்கள். தகவல் சொன்னவருக்கு முதலில் ஐம்பது ரூபாய், பிறகு நூறு, கடைசியில் ஆயிரம் ரூபாய்ப் பரிசு. நோயாளி கிடைத்ததும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி நோயை வளைத்து அடைத்தார்கள். அமெரிக்க மருத்துவரும் சோவியத் மருத்துவரும் செக்கோஸ்லோவாக்கிய மருத்துவரும் இந்திய மருத்துவருடன் ஒரே ஜீப்பில் அந்தக் கிராமங்களுக்குப் போனார்கள். வியட்நாமில் போர் முடியாத காலம் அது. 1975 மே மாதம் அசாமில் கண்டது இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரத்தில் நோய் கண்ட அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரரே, இயற்கையாகத் தொற்றுக்கு ஆளான உலகின் கடைசி நோயாளி. அவர் பிழைத்தார், பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து உழைத்தார்.

1980 மே 8 அன்று பேரவை நோய் ஒழிந்ததாக அறிவித்தது. 1967 தொடங்கி ஆன மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் வெளிநாடுகள் தந்தது மூன்றில் ஒரு பங்கு. மீதியை நோய் இருந்த ஏழை நாடுகள் தாங்களே போட்டன. ஊசியும் தனிமைப்படுத்தலும் தேவையில்லாமல் போனதால் உலகத்துக்கு ஆண்டுதோறும் மிஞ்சுவது நூறு கோடி டாலருக்கு மேல்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிட எனக்கு மனமில்லை. பிகாரில் நள்ளிரவில் கதவைத் தட்டி, மறுத்தவரைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்ட சம்பவங்கள் உண்டு; அதில் ஈடுபட்டவர்களே பின்னர் எழுதியிருக்கிறார்கள். இன்றைய நெறிமுறைப்படி அதற்கு இடமே கிடையாது, அதுவே சரி. இன்னொன்று இதைவிடக் கசப்பானது. உலகுக்கு அம்மை மருந்தை அள்ளிக் கொடுத்த அதே சோவியத் அரசு, அதே பெரியம்மைக் கிருமியை ரகசியமாகப் போராயுதமாக வளர்த்துக்கொண்டிருந்தது. உயிரி ஆயுதங்களைத் தடைசெய்யும் 1972 உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகும் அந்தத் திட்டம் நிற்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் அந்த ஒத்துழைப்பைத் தாங்கி நிறுத்தியிருக்க முடியாது. இரண்டு வல்லரசுகளும் மூன்றாம் உலக நாடுகளின் மதிப்பைப் பெறப் போட்டி போட்டன. அந்தப் போட்டியில் கொடுப்பவர் உயர்ந்தார். இன்றைய போட்டியில் கொடுப்பவர் ஏமாளி என்று கருதப்படுகிறார். இழந்தவற்றில் இதையே நான் பெரியதாக எண்ணுகிறேன்.

இன்றைய கருவிகளை அன்றையவர்கள் பார்த்திருந்தால் மலைத்திருப்பார்கள். கோவிட் கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 அன்று, நோய் உலகத்துக்குத் தெரியவந்த இரண்டாவது வாரத்திலேயே, இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் பரிசோதனை முடித்து ஒப்புதல் பெற்ற தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். ஜென்னரின் ஊசியிலிருந்து பெரியம்மை ஒழிய 180 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கே கிருமியிலிருந்து ஊசிக்கு பதினோரு மாதம். மனித அறிவு இதற்கு முன் இப்படி விரைந்ததில்லை.

ஊசி கிடைத்த பிறகு நடந்தது வேறு. எல்லா நாடுகளுக்கும் பங்கிட்டுத் தரவென்று கோவாக்ஸ் என்ற ஏற்பாடு உருவானது. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் தருவது அதன் இலக்கு. பாதியை, அதாவது 100 கோடியை, அது எட்டியதே 2022 ஜனவரியில். பணக்கார நாடுகள் தங்கள் மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு மருந்தை முன்பதிவு செய்துவிட்டன. காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் கேட்டன. 2022 ஜூனில் தடுப்பூசிக்கு மட்டும் குறுகலான ஒரு சலுகை கிடைத்தது; அதற்குள் பெருந்தொற்றின் கொடிய அலைகள் கடந்துவிட்டன. ஊசியின் காப்புரிமைத் தொகையை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த அந்தப் பழைய நிறுவனத்தின் செயல் இப்போது எவ்வளவு தொலைவில் தெரிகிறது! நம் நாட்டையும் இதில் தனியாக ஒதுக்கிவைக்க முடியாது. கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது புனேயில் தயாரான மருந்தை. 2021 வசந்தத்தில் இரண்டாம் அலை நம்மைத் தாக்கியதும் ஏற்றுமதி நின்றது. இங்கே பிணங்கள் எரிந்துகொண்டிருந்தபோது அந்த முடிவைத் தவிர்த்திருக்க முடியாது என்று வாதிடலாம். ஆப்பிரிக்காவில் முதல் ஊசிக்குக் காத்திருந்த செவிலியருக்கு அந்த வாதம் ஆறுதலாக இருந்திருக்காது.

பெரியம்மைக்கு நெருங்கிய உறவான குரங்கம்மையின் கதையிலும் இதே வரிசை. பெரியம்மை ஊசியை நிறுத்தியதால் மக்களிடம் இருந்த எதிர்ப்புத் தன்மை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. காங்கோவில் 1970-இலேயே மனிதரிடம் காணப்பட்ட நோய் அது. 2022-இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது பரவியபோது, உயிரி ஆயுதத் தாக்குதலுக்கு அஞ்சி அந்நாடுகள் சேமித்து வைத்திருந்த தடுப்பூசி அங்கே உடனே வெளியே வந்தது. காங்கோவுக்கு முதல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தது 2024 செப்டம்பரில்.

இந்த அனுபவங்களால்தான் கொள்ளைநோய் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி மட்டும் முடிவாகாமல் ஒத்திவைக்கப்பட்டது. அது கிருமி மாதிரிகளைப் பற்றியது. 1952 முதல் ஃப்ளூ காய்ச்சலின் கிருமிகளை நாடுகள் கேள்வி கேட்காமல் ஒன்றுக்கொன்று அனுப்பிவந்தன. எந்த ஆண்டுக்கு எந்தத் தடுப்பூசி என்று அதைக்கொண்டே தீர்மானித்தார்கள். 2007-இல் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சிதி ஃபதிலா சுபாரி பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தினார். எங்கள் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியில் நீங்கள் மருந்து செய்கிறீர்கள், அதை நாங்களே வாங்க முடியாத விலைக்கு விற்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. அன்று அவரைப் பொறுப்பற்றவர் என்றார்கள். நான்கு ஆண்டு பேச்சுக்குப் பிறகு, 2011-இல், ஃப்ளூவுக்கு மட்டும் ஒரு பங்கீட்டு ஏற்பாட்டை உலகம் ஏற்றது. அதையே எல்லாக் கொள்ளைநோய்க்கும் விரிப்பதுதான் இப்போதைய சிக்கல். கொள்ளைநோய்க் காலத்தில் தயாராகும் மருந்தில் இருபது சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்தின் வழியாகப் பங்கிடலாம், அதில் குறைந்தது பாதியை இலவசமாகத் தரலாம் என்ற அளவுக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. கிருமியைக் கொடுப்பதற்கும் மருந்தைப் பெறுவதற்கும் முடிச்சுப் போடும் பின்னிணைப்பை நாடுகள் ஏற்ற பிறகே அது கையெழுத்துக்கு வரும். 60 நாடுகள் உறுதிசெய்த பிறகே உயிர் பெறும்.

பணத்தின் கதை சுருக்கமானது. தொடக்க காலத்தில் நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதி உறுப்பு நாடுகள் கட்டும் சந்தாவிலிருந்து வந்தது. எங்கே செலவிடுவது என்று பேரவை முடிவுசெய்தது. 1980-களில் சந்தா உயராமல் நிறுத்தப்பட்டது. 2022-23-இல் சந்தாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தது. மீதி கொடையாளர்கள் விரும்பித் தருவது. அதில் பெரும்பகுதி இன்ன நோய்க்கு, இன்ன நாட்டுக்கு என்று எழுதிக் கட்டிய பணம். அந்த இரண்டு ஆண்டில் அமெரிக்கா ஒன்றே 128 கோடி டாலர் தந்தது. அது போனதும் 2026-27-க்கான திட்டத்தை 530 கோடி டாலரிலிருந்து 420 கோடியாகக் குறைத்தார்கள், ஊழியர்கள் வெளியேறினார்கள். இரண்டு ஆண்டுக்கு 420 கோடி என்றால் ஆண்டுக்கு 210 கோடி. 2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது 2.7 லட்சம் கோடி டாலர். அந்தக் கணக்கில் உலகத்தின் சுகாதார நிறுவனம் ஓராண்டு நடக்க ஆகும் பணம், ராணுவங்களின் ஏழு மணி நேரச் செலவுக்கும் குறைவு. இந்த நெருக்கடியிலும் 2025 மே மாதம் மற்ற நாடுகள் தங்கள் சந்தாவை இருபது சதவீதம் உயர்த்திக்கொள்ள இசைந்தன. அதைக் குறிப்பிடாமல் விட்டால் நியாயமில்லை.

பணம் குறைவதன் பொருளைச் சென்னை சேத்துப்பட்டிலிருந்து பார்க்கலாம். 1956-இல் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. அதுவரை காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. இந்தியாவில் அத்தனை படுக்கைகளுக்கு வழியில்லை. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், போதிய சாப்பாடில்லாமல் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் குணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. குடும்பத்தினருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. ஏழை நாட்டு நோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்ற வழி சேத்துப்பட்டில் திறந்தது. அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநராக இருந்த சௌம்யா சுவாமிநாதன் 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், எல்லா நாடுகளும் வாக்களித்த தேர்தலில் எத்தியோப்பியாவின் டெட்ரோஸ் அதானோம் கெப்ரியேசஸ் தலைமை இயக்குநரானார்; ஆப்பிரிக்கர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. ஆட்சியாளர்கள் அனுப்பிய தூதராக ராமசாமி முதலியார் போன காலத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல.

இன்றும் காசநோயால் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். அதற்கு எதிராக வெளிநாடுகள் தந்துவந்த உதவியில் நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. 2025 தொடக்கத்தில் அது திடீரென நின்றபோது பல நாடுகளில் பரிசோதனைக்கூடங்களும் மருந்து விநியோகமும் தடைபட்டன. 1961-இல் தொடங்கி, ஆப்பிரிக்காவில் பெரியம்மை ஊசிக்குப் பணம் கொடுத்த யு.எஸ்.எய்டு, 2025 ஜூலை 1 அன்று தனி அமைப்பாக இல்லாமல் போனது.

உலக அமைப்பை விட்டு ஒரு வல்லரசு வெளியேறுவது புதிதல்ல. 1949-இல் சோவியத் யூனியனும் அதன் கூட்டாளிகளும் இதே நிறுவனத்தைவிட்டு வெளியேறின. அமைப்புவிதிகளில் விலகலுக்கு இடமே இல்லாததால், அவற்றை "செயலற்ற உறுப்பினர்" என்று குறித்துக்கொண்டு நிறுவனம் இடத்தைக் காலியாக வைத்திருந்தது. ஸ்டாலினுக்குப் பின் அவை திரும்பி வந்தன. வந்த வேகத்தில் ஷ்தானவ் மின்னியாபொலிசில் எழுந்து பேசினார். அமெரிக்கா மட்டும் 1948-இல் சேரும்போதே, ஓராண்டு முன்னறிவிப்புடன் விலகும் உரிமையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு சேர்ந்திருந்தது. விலகும்போது பாக்கியைத் தீர்ப்போம் என்றும் அப்போது சொல்லியிருந்தது. 2026-இல் அது வெளியேறியபோது சந்தா நிலுவையில் இருந்தது.

இந்த விலகல் தனித்து நிற்கவுமில்லை. அதே 2026 ஜனவரியில் மேலும் 66 சர்வதேச அமைப்புகளிலிருந்து வெளியேறப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் நீதிபதிகள் நியமிக்கப்படாமல் 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது. பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தர இடமுள்ள ரஷ்யா 2022-இல் உக்ரைன்மீது படையெடுத்துவிட்டு, அதைக் கண்டித்த தீர்மானத்தைத் தன் தடை வாக்கால் தானே வீழ்த்தியது. காசாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை அமெரிக்கா திரும்பத் திரும்பத் தடுத்தது.

ஆனாலும் அதே காசாவில், 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தபோது, 2024 செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சில மணி நேரம் குண்டுவீச்சு நின்றது. அந்த இடைவெளியில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உள்ளூர்ப் பணியாளர்களும் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பிகாரில் கற்ற வேலை மறந்துபோகவில்லை. வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, அவர்களை உள்ளே விட அரசுகள் இசைய வேண்டும்.

அமெரிக்கா விட்டுச்சென்ற இடத்தை எந்த ஒரு நாடும் நிரப்ப முடியாது. ஆனால் இந்தியா செய்யக்கூடியது இருக்கிறது. உலகின் தடுப்பூசியில் பெரும்பங்கை உற்பத்தி செய்யும் நாடு இது. கொள்ளைநோய் ஒப்பந்தம் சொல்லும் இருபது சதவீதம் நம் தொழிற்சாலைகளைச் சேர்க்காமல் காகிதத்தில்தான் நிற்கும். கிருமி மாதிரி கொடுக்கும் ஏழை நாட்டின் நியாயமும் நமக்குத் தெரியும், மருந்து செய்பவரின் கணக்கும் நமக்குத் தெரியும். இரண்டு தரப்பிலும் நின்று பேசக்கூடிய நாடுகள் மிகக் குறைவு. ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும் நாளில் அதை உறுதிசெய்யும் முதல் 60 நாடுகளில் இந்தியா இருக்க வேண்டும். அடுத்த நெருக்கடியில் ஏற்றுமதியை முழுவதுமாக நிறுத்தாமல் குறிப்பிட்ட பங்கை எப்போதும் வெளியே அனுப்புவோம் என்ற உறுதியை, நெருக்கடி இல்லாத இந்த நேரத்திலேயே நாடாளுமன்றத்தில் சட்டமாக்க வேண்டும். இதை நம் உறுப்பினர்களிடம் கேட்கும் பொறுப்பு வாக்காளர்களாகிய நமக்கு உண்டு.